ஃப்ளோர் பிளானில் சீலிங் காணவில்லையா? ரெவிட்டில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

சீலிங் போட்டாயிற்று. 3டி-யில் இருக்கிறது, செக்‌ஷனிலும் இருக்கிறது. ஃப்ளோர் பிளானைத் திறந்தால் மட்டும் இல்லை. கட்டட மாதிரி வரையும் மென்பொருளான ரெவிட்டில் இந்தச் சிக்கல் வரும்போது சீலிங்கில் குறை இருப்பது அபூர்வம். வியூ எந்த உயரத்தில் வெட்டுகிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்தான் காரணம் இருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் சீலிங்கை அழித்து அழித்துப் போட்டால், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சீலிங் சேர்ந்து ஷெட்யூலில் (அளவுப் பட்டியலில்) பரப்பளவு மும்மடங்காகிவிடும்.

மெட்ரிக் டெம்ப்ளேட்டில் ஃப்ளோர் பிளான் பொதுவாக லெவலிலிருந்து (அந்த மாடியின் தள மட்டத்திலிருந்து) 1200 மி.மீ. உயரத்தில் வெட்டிக் கீழே பார்க்கும். அந்த வெட்டுத் தளத்தின் பெயர் கட் பிளேன். ரிஃப்ளெக்டட் சீலிங் பிளான், அதாவது ஆர்சிபி, 2300 மி.மீ. உயரத்தில் வெட்டி மேலே பார்க்கும். ஆனால் படத்தைத் தலைகீழாகக் காட்டாது. தரையில் ஒரு கண்ணாடியை விரித்து அதற்குள் சீலிங்கைப் பார்ப்பதுபோல, இடம் வலம் மாறாமல் ஃப்ளோர் பிளானோடு அப்படியே பொருந்தும். 2600-ல் இருக்கும் சீலிங், 1200-ல் வெட்டிக் கீழே பார்க்கும் வியூவில் தெரியாது, தெரியவும் கூடாது. வியூ ரேஞ்சில் (வியூ எந்த உயரத்திலிருந்து எதுவரை காட்டும் என்ற அமைப்பில்) 'டாப்' 2300 என்று இருப்பதைப் பார்த்து, அதை 3000 ஆக்கினால் சீலிங் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. வராது. கட் பிளேனுக்கும் டாப்புக்கும் நடுவில் இருப்பவற்றில் ஜன்னல், கேஸ்வொர்க் (அலமாரி வகை), ஜெனரிக் மாடல் போன்ற சில வகைகளுக்கு மட்டுமே ரெவிட் சலுகை தருகிறது. சீலிங் அந்தப் பட்டியலில் இல்லை.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு செக்‌ஷன் வெட்டி, சீலிங்கின் விளிம்பைக் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த லெவல், 'ஹைட் ஆஃப்செட் ஃப்ரம் லெவல்' எவ்வளவு, 'ஃபேஸ் கிரியேட்டட்' (எந்தக் கட்டுமான நிலையில் உருவானது) எது, எந்த வொர்க்செட் (குழு வேலைக்காகப் பிரித்த தொகுப்பு). கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த நான்கிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆஃப்செட் என்பது சீலிங்கின் அடிமட்டம் வரை உள்ள உயரம். தடிமன் அதற்கு மேல் ஏறும்.

அறிகுறி: சீலிங் வைத்தவுடன் 'நன் ஆஃப் தி கிரியேட்டட் எலிமென்ட்ஸ் ஆர் விசிபிள்' என்ற எச்சரிக்கை

ஃப்ளோர் பிளானில் நின்றுகொண்டு சீலிங் கருவியை எடுத்து அறைக்குள் கிளிக் செய்தால் இந்தச் செய்தி வரும். சீலிங் உருவாகிவிட்டது, இந்த வியூவில் தெரியவில்லை என்பதுதான் இதன் பொருள். மீண்டும் கிளிக் செய்யாதீர்கள். கன்ட்ரோல் இசட் அடித்துவிட்டு, ப்ராஜெக்ட் பிரவுசரில் 'சீலிங் பிளான்ஸ்' என்ற தலைப்பின் கீழ் அதே லெவலைத் திறந்து அங்கே வையுங்கள். அந்தத் தலைப்பே இல்லையென்றால் வியூ டேப், பிளான் வியூஸ், ரிஃப்ளெக்டட் சீலிங் பிளான் என்று போய் அந்த லெவலுக்கு உருவாக்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே பல முறை கிளிக் ஆகிவிட்டதா? சீலிங் ஷெட்யூல் ஒன்று போட்டு, லெவல், டைப், ஏரியா என்ற மூன்று நெடுவரிசைகளை வையுங்கள். ஒரே அளவு ஏரியா அடுத்தடுத்து வந்தால் அந்த வரிசையைத் தேர்ந்து 'ஹைலைட் இன் மாடல்' கொடுத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு இருந்தால் உபரியை நீக்கலாம். நீக்குமுன் எதில் விளக்குகள் பொருத்தப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பது முக்கியம். சீலிங்-ஹோஸ்டட் வகை விளக்கு, தன்னைத் தாங்கும் சீலிங்கோடு சேர்ந்து அழிந்துவிடும். ஃபேஸ்-பேஸ்டு வகை, அதாவது ஏதாவதொரு பரப்பில் ஒட்டும் வகை, அழியாது, ஆனால் ஹோஸ்ட் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். அதன்பின் சீலிங் உயரத்தை மாற்றினால் விளக்கு கூடவே நகராது.

அறிகுறி: ஃப்ளோர் பிளானிலேயே சீலிங் தெரிய வேண்டும்

மின் வேலைக்கான பிளான், இன்டீரியர் அமைப்பு, சுவர் அலமாரிக்கு மேலே பல்க்ஹெட் (தாழ்த்திய சீலிங் பகுதி) எங்கே முடிகிறது என்று காட்டுவது, இவையெல்லாம் நியாயமான தேவைகள். இதற்கு மூன்று வழிகள் உண்டு. எங்கள் பரிந்துரை அண்டர்லே, அதாவது ஒரு லெவலில் உள்ளவற்றை வெளிறிய பின்னணியாகக் காட்டுவது. கட் பிளேனைத் தொடாமல் வேலை முடிவது அதில்தான்.

ஃப்ளோர் பிளானைத் திறந்து, எதையும் தேர்ந்தெடுக்காமல் ப்ராப்பர்ட்டீஸில் 'அண்டர்லே' பகுதிக்கு இறங்குங்கள். 'ரேஞ்ச்: பேஸ் லெவல்' என்ற இடத்தில் 'நன்' என்றிருக்கும். அதை இந்த வியூவின் லெவலுக்கே மாற்றுங்கள். லெவல் 1 பிளான் என்றால் லெவல் 1. 'டாப் லெவல்' தானாகவே அடுத்த லெவலுக்குப் போய்விடும். அடுத்து, பலரும் விட்டுவிடுகிற வரி: 'அண்டர்லே ஓரியன்டேஷன்'. அது 'லுக் டவுன்' என்று இருக்கும். 'லுக் அப்' ஆக்குங்கள். இப்போது சீலிங் விளிம்பும் கட்டங்களும் வெளிறிய கோடுகளாகப் பிளானில் வந்து சேரும். கதவு, ஜன்னல், மேஜை நாற்காலி எல்லாம் 1200 வெட்டில் இருந்தபடியே இருக்கும்.

வரவில்லையா? மூன்று இடங்களைப் பாருங்கள். பேஸ் லெவலை ஒரு மாடி மேலே கொடுத்திருந்தால் மேல் மாடிச் சுவர்கள்தான் வரும். சீலிங்குக்குப் பதில் மாடி அறைகள் தெரிந்தால் காரணம் இதுவே. ஓரியன்டேஷன் சாம்பல் நிறத்தில் பூட்டியிருந்தால் வியூ டெம்ப்ளேட் (பல வியூக்களுக்குப் பொதுவான அமைப்புத் தொகுப்பு) அதைப் பிடித்துவைத்திருக்கிறது. இரண்டும் சரியென்றால் விசிபிலிட்டி கிராஃபிக்ஸில் (விசைப்பலகையில் வி, ஜி) 'சீலிங்ஸ்' டிக் எடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளோர் பிளானுக்கான டெம்ப்ளேட் அமைப்பவர்கள், எப்படியும் தெரியாது என்று அதை அணைத்து வைப்பது வழக்கம்.

பழைய குறிப்புகளைப் பார்த்து வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல்: பேஸ், டாப் என்று இரண்டு வரியாக அண்டர்லே பிரிந்தது பின்னாளில் வந்த பதிப்புகளில்தான். அதற்கு முந்தைய படங்களில் 'அண்டர்லே' என்று ஒரே வரிதான் இருக்கும்.

அறிகுறி: அண்டர்லே வந்தது, பிரின்டில் தெரியவில்லை, அல்லது கிளிக் செய்தால் பிடிபடவில்லை

வெளிறல் அளவு மேனேஜ் டேப், அடிஷனல் செட்டிங்ஸ், 'ஹாஃப்டோன்/அண்டர்லே' என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே அண்டர்லேக்குக் கோட்டுத் தடிமன், கோட்டு வகை, 'அப்ளை ஹாஃப்டோன்' டிக் ஆகியவை உண்டு. டிக்கை எடுத்துவிட்டு, கோட்டு வகையைப் புள்ளிக்கோடு ஆக்கினால் 1:50 தாளில் சீலிங் தெளிவாகப் படியும். ஆனால் இது ஒரு வியூவுக்கான அமைப்பு அல்ல, ப்ராஜெக்ட் முழுவதற்கும் பொருந்தும். வேறொரு தாளில் மேல்மாடிச் சுவரை அண்டர்லேயாக வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து மாறும். மாற்றுமுன் குழுவில் சொல்லிவிடுங்கள்.

கிளிக்கில் பிடிபடாததற்குக் காரணம் திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் சிறு ஐகான் வரிசை. அதில் 'செலக்ட் அண்டர்லே எலிமென்ட்ஸ்' அணைந்திருந்தால் அண்டர்லேயில் உள்ள எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. அதை அணைத்தே வைத்திருப்பது நல்லது. சோஃபாவை நகர்த்தப் போய் சீலிங்கை நகர்த்துகிற விபத்து நேராது. தேவையானபோது மட்டும் திறந்துகொள்ளுங்கள்.

முழுச் சீலிங்கும் வேண்டாம், பல்க்ஹெட் விளிம்பு மட்டும் விட்டுவிட்ட கோடாக வேண்டும் என்றால், அண்டர்லேயைத் தற்காலிகமாகப் போட்டு, அனோடேட் டேப்பில் டீட்டெய்ல் லைன், 'ஓவர்ஹெட்' கோட்டு வகை, 'பிக் லைன்ஸ்' எடுத்து விளிம்புகளைத் தொடுங்கள். ஆப்ஷன்ஸ் பட்டையில் 'லாக்' டிக் போடுங்கள். அது இல்லாமல் வரைந்த கோடு, சீலிங் பின்னால் 150 மி.மீ. நகர்ந்தாலும் பழைய இடத்திலேயே நிற்கும். அப்படி நின்ற கோடுதான் தச்சர் கைக்குப் போகும் தாளில் தப்பாக ஏறும்.

அறிகுறி: கட் பிளேனை உயர்த்தினேன், சீலிங் வந்தது, கதவு ஜன்னல் போய்விட்டது

இது இரண்டாம் வழி. கட் பிளேன் 2800 என்றால் 2600-ல் உள்ள சீலிங் வெட்டுக்குக் கீழே வந்துவிடுவதால் ஃப்ளோர் பிளானில் தெரியும். கூடவே இரண்டு விளைவுகள். 2100 உயரக் கதவின் மேல்மட்டம் வெட்டுக்குக் கீழே போய்விட்டது. வெட்டு, கதவுக்கு மேலுள்ள சுவரில் விழுகிறது. ஆகவே சுவர் இடைவெளியின்றி ஓடும். இன்னொன்று, சீலிங் இப்போது ஒரு மூடியாக மேலே கிடப்பதால் அதன் கீழே உள்ள மேஜை, வாஷ்பேசின் எல்லாம் மறைந்துவிடும்.

விசிபிலிட்டி கிராஃபிக்ஸில் சீலிங்ஸ் வரிசையில் 'டிரான்ஸ்பரன்சி' 100 கொடுத்தால் கீழே உள்ளவை தெரியும். கதவு திரும்பாது. சரியான கட்டுமானத் தாளுக்கு இந்த வழி உதவாது. சீலிங்குக்கு மேலே ஓடும் கேபிள் டிரே, டக்ட் ஆகியவற்றை மேலிருந்து பார்க்கும் ஒருங்கிணைப்பு வியூவுக்குத்தான் பொருத்தம். அதற்கும் பிளானை டூப்ளிகேட் செய்து தனிப் பெயரில் வையுங்கள்.

இங்கே இன்னொரு குழப்பம் உண்டு. இப்படித் தெரியும் சீலிங்கில் 600 x 600 கட்டங்கள் இருக்காது. நீங்கள் பார்ப்பது சீலிங்கின் முதுகு. காம்பவுண்ட் சீலிங்கில் கட்ட வடிவம் அடி லேயரின் மெட்டீரியலில் இருக்கிறது. மேலே இருப்பது ஃப்ரேம் லேயர். அதன் மெட்டீரியலுக்குச் சர்ஃபேஸ் பேட்டர்ன் இல்லையென்றால் வெறும் விளிம்பு மட்டுமே வரும். கட்டத்துக்காக ஃப்ரேம் மெட்டீரியலில் பேட்டர்ன் ஏற்றாதீர்கள். கட்டம் வேண்டுமென்றால் கீழிருந்து பார்க்க வேண்டும், அதாவது லுக் அப்.

அறிகுறி: ஆர்சிபியிலும் சில அறைகளில் மட்டும் சீலிங் இல்லை

பெரும்பாலும் குளியலறை, பாத்திரம் கழுவும் இடம், டக்ட் கீழே இறங்கும் நடைவழி. ஹாலில் சீலிங் 2600. குளியலறையில் குழாய்களை மறைக்க 2250-க்கு இறக்கியிருப்பார்கள். ஆர்சிபி 2300-ல் வெட்டி மேலே பார்க்கிறது. 50 மி.மீ. வித்தியாசத்தில் குளியலறைச் சீலிங் கண்ணுக்குக் கீழே போய்விட்டது. அங்கே மேல் கான்கிரீட் ஸ்லாபின் அடி தெரியும். தாளில் பார்ப்பவர் அங்கே ஃபால்ஸ் சீலிங்கே இல்லை என்று நினைத்துக்கொள்வார். குற்றம் சொல்ல முடியாது, படம் அப்படித்தான் சொல்கிறது.

சீலிங்கை 2350-க்கு ஏற்றி 'சரிசெய்யும்' பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து அதை நிறுத்த வேண்டும். படம் சரியாகும், கட்டடம் தப்பாகும். வியூ ரேஞ்சைத் திறந்து (வி, ஆர்) கட் பிளேனைத்தான் இறக்க வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: கதவின் மேல்மட்டத்தைவிட உயரமாகவும், மிகத் தாழ்ந்த சீலிங்கைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். கதவு 2100, தாழ்ந்த சீலிங் 2250 என்றால் 2150 வையுங்கள். வேலை முடிந்தது; கதவு இலைகளும் ஆர்சிபிக்குள் நுழையாது.

சீலிங் 2100-க்கும் கீழே, எடுத்துக்காட்டாக 1950-ல் ஒரு பல்க்ஹெட், என்றால் அந்தக் கணக்கு உதவாது. முழு வியூவையும் 1900-க்கு இறக்கினால் எல்லாக் கதவுகளும் ஜன்னல்களும் வெட்டுப்பட்டு ஆர்சிபியில் வந்து நிற்கும். இங்கேதான் 'பிளான் ரீஜன்' வேண்டும். வியூ டேப், பிளான் வியூஸ், பிளான் ரீஜன் எடுத்து, அந்தப் பகுதியைச் சுற்றி மூடிய எல்லை வரையுங்கள். சுவரின் உள் முகத்தோடு எல்லையை நிறுத்துங்கள். சுவருக்குள் நீட்டினால் அந்தச் சுவரில் உள்ள கதவும் வெட்டுக்குள் வரக்கூடும். ப்ராப்பர்ட்டீஸில் அதன் வியூ ரேஞ்சைத் திறந்து கட் பிளேன் 1900 கொடுத்து, பச்சை டிக் அடியுங்கள். ரீஜன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. விளிம்போடு விளிம்பு ஒட்டலாம். பச்சைப் புள்ளிக்கோட்டு எல்லை தாளில் வேண்டாம் என்றால் விசிபிலிட்டி கிராஃபிக்ஸின் அனோடேஷன் பகுதியில் 'பிளான் ரீஜன்' டிக்கை எடுங்கள். எல்லை மறையும், வேலை தொடரும். இப்படி மறைத்து வைத்த ரீஜன் பின்னாளில் அடுத்தவரைக் குழப்பும். ஓர் அறையில் மட்டும் புரியாத நடத்தை கண்டால் முதலில் இந்த டிக்கைப் போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: இரட்டை உயர ஹாலில் சீலிங் இல்லை

லெவல் 1 ஆர்சிபியின் டாப்பும் வியூ டெப்த்தும் (வியூ பார்க்கும் கடைசி எல்லை) 'லெவல் அபவ், 0' என்றிருக்கும். லெவல் 2-க்கும் மேலே 6600-ல் இருக்கும் லாபி சீலிங் அந்த எல்லைக்கு வெளியே. வியூ டெப்த்தை அடுத்த லெவலுக்கோ 'அன்லிமிடெட்' ஆகவோ உயர்த்துங்கள். மற்ற அறைகளில் அவற்றின் சொந்தச் சீலிங்கே மேலே உள்ளதை மறைத்துவிடும். திறந்த இடத்தில் மட்டும் உயரச் சீலிங் தெரியும்.

அறிகுறி: விளிம்பு தெரிகிறது, கட்டம் இல்லை

ஆர்சிபியில்தான் இது நடக்கிறது என்றால் டைப் பெயரைப் பாருங்கள். 'பேசிக் சீலிங்' குடும்பத்தில் 'ஜெனரிக்' எடுத்திருந்தால் அதற்குத் தடிமனும் இல்லை, கட்டமும் இல்லை. 'காம்பவுண்ட் சீலிங்' குடும்பத்தில் 600 x 600 கிரிட் டைப்புக்கு மாற்றுங்கள். டைப் சரியென்றால் மெட்டீரியல் பிரவுசரில் அடி லேயரின் சர்ஃபேஸ் பேட்டர்ன், 'மாடல்' வகையாக இருக்க வேண்டும். 'டிராஃப்டிங்' வகை பேட்டர்ன் தாளின் ஸ்கேலுக்கு ஏற்ப அளவு மாறும்; 1:100-ல் ஒரு கட்டம், 1:50-ல் இன்னொரு கட்டம் காட்டும். அதை வைத்து டைல் எண்ணினால் கணக்கு தப்பும். மாடல் வகையில் கட்டக் கோட்டையே டேப் விசையால் பிடித்து நகர்த்தலாம், சுழற்றலாம், அலைன் செய்யலாம். எதிரெதிர் ஓரங்களில் வெட்டு டைல் சமமாக விழும்படி இப்படித்தான் சரிசெய்ய வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் கட்டம் இல்லையென்றால், விசிபிலிட்டி கிராஃபிக்ஸில் சீலிங்ஸ் வரிசையின் பேட்டர்ன் ஓவர்ரைடைத் திறந்து 'விசிபிள்' டிக்கைப் பாருங்கள்.

அறிகுறி: ஒரு வியூவில் இருக்கிறது, அதேபோன்ற இன்னொன்றில் இல்லை

இங்கே உயரக் கணக்கு வேண்டாம். கீழே உள்ள பல்ப் ஐகானைத் தட்டுங்கள் (ஆர், எச்). மறைக்கப்பட்டவை சிவப்பு ஊதாவில் தெரியும். அங்கே சீலிங் இருந்தால் வலது கிளிக், 'அன்ஹைட் இன் வியூ'. இல்லையென்றால் ஃபேஸைப் பாருங்கள். புதுப்பிப்பு வேலைகளில் சீலிங் 'நியூ கன்ஸ்ட்ரக்‌ஷன்' ஃபேஸில் இருக்கும், வியூ 'எக்ஸிஸ்டிங்' ஃபேஸில் இருக்கும். எதிர்காலத்தில் வரப்போகும் சீலிங்கை ரெவிட் காட்டாது. வொர்க்ஷேரிங் கோப்பில் அந்த வொர்க்செட் மூடியிருக்கலாம், அல்லது 'விசிபிள் இன் ஆல் வியூஸ்' இல்லாமல் உருவாகியிருக்கலாம்.

வியூ ரேஞ்ச் 'எடிட்' பொத்தான் சாம்பலாக இருந்தால் வியூ டெம்ப்ளேட்டின் ஆட்சி. ஒரு படத்துக்காக டெம்ப்ளேட்டை மாற்றினால் அதைப் பயன்படுத்தும் எல்லாத் தாள்களும் மாறும். அந்த டெம்ப்ளேட்டை டூப்ளிகேட் செய்து, வேண்டிய வரியை மட்டும் மாற்றி, இந்த வியூவுக்கு அதைக் கொடுங்கள்.

அறிகுறி: ஆர்க்கிடெக்டின் லிங்க்கில் (எங்கள் கோப்போடு இணைத்த அவர் கோப்பில்) உள்ள சீலிங் எங்கள் கோப்பில் வரவில்லை

விசிபிலிட்டி கிராஃபிக்ஸில் 'ரெவிட் லிங்க்ஸ்' பகுதி, டிஸ்பிளே செட்டிங்ஸ். 'பை லிங்க்டு வியூ' என்றிருந்தால் உங்கள் வியூ ரேஞ்ச் செல்லாது. அவர்கள் வியூவின் ரேஞ்சே ஆளும். 'பை ஹோஸ்ட் வியூ' ஆக்குங்கள். 'கஸ்டம்' வேண்டுமென்றால் பேசிக்ஸ் பகுதியில் வியூ ரேஞ்ச் வரியை ஹோஸ்டுக்கு மாற்றி, மாடல் கேட்டகரீஸ் பகுதியில் சீலிங்ஸ் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். சீலிங் வந்து, ஆனால் வெளிறிப்போயிருந்தால் வியூவின் 'டிசிப்ளின்' மெக்கானிக்கலாகவோ எலக்ட்ரிக்கலாகவோ இருக்கும். அந்த வியூக்களில் கட்டடக்கலைப் பொருள்களை ரெவிட் வேண்டுமென்றேதான் மங்கலாக்குகிறது.

அறிகுறி: வேண்டாத சீலிங் ஃப்ளோர் பிளானில் எட்டிப் பார்க்கிறது

லெவல் 2 பிளானில், படிக்கட்டுத் திறப்பு வழியாகவோ தள உயரம் மாறும் இடத்திலோ கீழ்த்தளச் சீலிங் தெரியும். வியூ டெப்த் கீழ் லெவல் வரை இறங்கியிருப்பதே காரணம். டெப்த்தைக் குறைக்க முடியாவிட்டால் அந்த வியூவில் சீலிங்ஸ் வகையை அணைத்துவிடலாம். லெவல் 2-க்கு அண்டர்லே போட்டிருந்தால் அதுவும் சேர்ந்து போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

அறிகுறி: அண்டர்லே எங்கள் தாளின் தரத்துக்குப் போதவில்லை

சீலிங்குக்குத் தனிக் கோட்டுத் தடிமன், தனி நிறம், டேக் எல்லாம் வேண்டும் என்றால் மூன்றாம் வழி: இரண்டு வியூக்களைத் தாளில் ஒன்றன்மேல் ஒன்று வைப்பது. ஆர்சிபியை டூப்ளிகேட் செய்து, விசிபிலிட்டி கிராஃபிக்ஸில் சீலிங்ஸ், லைட்டிங் ஃபிக்ஸ்சர்ஸ், சீலிங் டேக், கட்டட கிரிட் தவிர எல்லாவற்றையும் அணையுங்கள். ஃப்ளோர் பிளானுக்கும் இதற்கும் ஒரே ஸ்கோப் பாக்ஸ் (வியூவின் எல்லையைக் கட்டுப்படுத்தும் பெட்டி), ஒரே ஸ்கேல் கொடுங்கள். கிராப் எல்லை ஒன்றாக இருந்தால் பொருத்துவது எளிது. தாளில் முதலில் பிளான், அதன்மேல் ஆர்சிபி. கட்டட கிரிட்டின் ஒரு சந்திப்பை கைடு கிரிட்டோடு (தாளில் வியூக்களைப் பொருத்த உதவும் கட்டம்) இரண்டு வியூபோர்ட்டிலும் பொருத்தியபின், இரண்டையும் 'பின்' கருவியால் நகராதபடி பூட்டுங்கள். மேலுள்ள வியூபோர்ட்டுக்கு 'நோ டைட்டில்' வகை. பின்னாளில் யாராவது ஒன்றின் கிராப்பை மட்டும் இழுத்தால் சீலிங் சுவரைவிட்டு விலகி நிற்கும். ஆகவே தாள் வெளியே போகுமுன் ஓர் அறையின் மூலையைப் பெரிதாக்கி, சீலிங் விளிம்பும் சுவரின் உள்முகமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.